ஒத்திகை விவரம்

பிப்ரவரி 2, திங்கள்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். கலைவிழா நாடகம். இயக்கம்: பேச்சித்துரை, சமூகவியல் ஆய்வாளர். எல்லோருக்கும் துரை அண்ணன். பேராசிரியர்: சுயம்புலிங்கம், இயற்பியல். பேராசிரியரின் மனைவி: ஜெபராணி, தாவரவியல் ஆய்வாளர். ஆய்வு மாணவி: வினோலியா, ஆங்கிலம் முதலாண்டு. கடைசியில் நான். இசக்கிராஜ், தமிழ் முதுகலை இரண்டாம் ஆண்டு. உதவி.

பேராசிரியர் வேடத்துக்கு நானும் வாசித்துக் காட்டியிருந்தேன். வருத்தமில்லை.

உதவி என்றால் மூன்று வேலை. மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது. கருத்தரங்க அறைச் சாவி. ஓ.டி. ரிஜிஸ்டர்.

ஓ.டி., அதாவது ஆன் டூட்டி, இல்லையென்றால் ஒருவரும் நடிக்க வரமாட்டார்கள். ஒத்திகைக்காக விடுகிற வகுப்புகளுக்கு வருகைப் பதிவு கிடைக்க வேண்டுமானால் தினமும் ரிஜிஸ்டரை எழுதி ஐந்து மணிக்குள் மாணவர் நல டீன் அலுவலகக் கவுன்ட்டரில் வைக்க வேண்டும். மறுநாள் காலை ‘பார்வையிடப்பட்டது’ என்ற ஊதா முத்திரையோடு திரும்ப வரும். போன வருடம் எல்லாக் குழுவும் ‘ஒத்திகை நடந்தது’ என்று மட்டும் எழுதிவிட்டு சினிமாவுக்குப் போனார்களாம். அதனால் இந்த வருடம் புதிதாக ஒரு கட்டம். ‘ஒத்திகை விவரம், பத்து வரிக்குக் குறையாமல்.’

“பத்து வரிக்கு என்னத்தலே எழுதுவ?” என்றான் சுயம்பு. “வந்தோம், நின்னோம், வடை தின்னோம்.”

எனக்குப் பத்து வரி போதாது.

பிப்ரவரி 3, செவ்வாய்

நாடகம் ஆய்வு மாணவர்களைப் பற்றியது. ஐந்து காட்சி. நான்காவது இன்னும் எழுதப்படவில்லை. “யாருக்காவது நெசமா நடந்தது இருந்தாச் சொல்லுங்க” என்றார் துரை அண்ணன்.

ஜெபராணி அக்கா கதவைச் சாத்தச் சொன்னார்.

அவருடைய கைடு, ஆய்வு வழிகாட்டி, வளாகக் குடியிருப்பில் இருக்கிறார். வீட்டில் மீன்தொட்டி. வாஸ்துவுக்காக வாங்கிய அரோவானா, ஒரே ஒரு மீன். சனிக்கிழமைதோறும் தொட்டியைக் கழுவுவது அக்காவின் வேலை. போன மே மாதம் கைடு குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். எட்டு நாள் அக்கா அந்த வீட்டில் மீனுக்குக் காவல். மூன்று வேளையும் இறால் உரித்துப் போட வேண்டும். ஆறாம் நாள் அது மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்துவிட்டது. காலையில் சோபாவுக்குக் கீழே கிடந்தது.

“திட்டினாராக்கா?” என்றாள் வினோலியா.

“திட்டல. எழுத்துல விளக்கம் கேட்டாரு. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு. பொருள்: மீன் இறந்தமை தொடர்பாக.”

சிரித்தோம். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினோம்.

“இருபத்தாறாந்தேதி எனக்கு சினாப்ஸிஸ் கடைசி நாள். ஆய்வுச் சுருக்கம். அதுல அவரு கையெழுத்து இல்லாம தீசிஸ் குடுக்க முடியாது. அந்தத் தேதியோட என் பதிவும் காலாவதி. இது என் கதைன்னு இந்த அறையை விட்டு வெளிய போச்சுன்னா நாலு வருசம் போச்சு.”

ஐந்து பேரும் வசனப் பிரதியின் மேல் கை வைத்தோம். சுயம்பு ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

ரிஜிஸ்டரில் அக்காவின் பெயரை எழுதவில்லை. ‘அறிவியல் புலத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரின் அனுபவத்திலிருந்து நான்காம் காட்சி பிறந்தது’ என்று தொடங்கினேன். பதினாறு வரி. கையெழுத்து நன்றாக வந்தது. யாரும் படிக்காத ஒரு நோட்டில்தான் இத்தனை தெளிவாக எழுத வருகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை.

‘கலைவிழா மேடையில் கண்ணாடித் தொட்டி, தண்ணீர், உயிருள்ள அல்லது உயிரற்ற மீன் ஆகியவற்றுக்கு மின் பாதுகாப்புக் கருதி அனுமதி இல்லை.’

“கருவாடுகூடக் கூடாதாம்டே” என்றான் சுயம்பு.

துரை அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டி வைக்கலாம் என்று நேற்றுதான் பேசினோம். உயிரற்ற மீன் என்று எப்படித் தெரியும்?

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க முயன்றோம். அது பார்ப்பதைவிட மோசம்.

பிப்ரவரி 6, வெள்ளி

தொட்டிக்குப் பதில் வெறும் மரச்சட்டம். அதில் நீலத்துணி. துணிக்குப் பின்னால் வினோலியாவின் கை மீனாக நீந்துகிறது. சுயம்பு குனிந்து அதனிடம் பேசினான். “தம்பி, சாப்பிட்டியாப்பா? அந்தப் பொண்ணு நேரத்துக்குக் குடுத்தாளா?” எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் வசனத்தை நானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம்.

ரிஜிஸ்டரில் நீலத்துணியை விரிவாக எழுதினேன். இல்லாத தண்ணீரை ஒரு துணி எப்படி உண்டாக்குகிறது என்று. கடைசி மூன்று வரியை இரண்டு முறை திருத்தினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

‘நீர்நிலையை உணர்த்தும் நீலநிறத் துணிகளையும் தவிர்க்கவும்.’

தவிர்க்கவும். காரணம்கூடச் சொல்லவில்லை.

இது உள்ளேயிருந்து போகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

துரை அண்ணன் கைப்பேசிகளை எல்லாம் ஒரு துணிப்பையில் வாங்கிக் கட்டினார். ஜன்னல்களை மூடினார். பிறகு அதுவும் போதாதென்று மூடிக் கிடக்கும் பழைய கேன்டீன் கொட்டகைக்கு மாறினோம். எலிப் புழுக்கையைக் கூட்டியது நானும் வினோலியாவும். துணியும் வேண்டாம், வெறும் சட்டம் மட்டும், மீனைப் பார்வையிலேயே காட்டிவிடலாம் என்று முடிவு.

நாலே முக்காலுக்கு ஓடி ரிஜிஸ்டரை வைத்தேன். ‘இடம்: பழைய கேன்டீன். மாற்றத்துக்குக் காரணம்: ரகசியம் காத்தல்.’ பொய்யாக வேறு எதையாவது எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு. பக்கத்தில் வாட்ச்மேன், ஸ்டூல் போட்டு.

“நாங்க இங்க வந்தது உங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

“மேலருந்து போன் வந்துச்சு தம்பி. பழைய கேன்டீன்ல புள்ளைங்க இருக்கும், பூட்டுங்கன்னாக. நான் என்னத்தக் கண்டேன்.”

கருத்தரங்க அறைக்கே திரும்பினோம். ஜெபராணி அக்கா அன்று ஒரு வசனமும் சரியாகச் சொல்லவில்லை. கதவைப் பார்த்தபடியே இருந்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

யோசித்து எழுதிப் பார்க்கிறேன்.

ஜெபராணி அக்கா: தன் கழுத்தில் தானே கத்தி வைக்க மாட்டார்.

வினோலியா: தினமும் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாள். கேட்டுப் பார்த்தேன். முழுக்க விடுதிச் சாம்பாரைப் பற்றி.

துரை அண்ணன்: ஆய்வு உதவித்தொகை நீட்டிப்பு டீன் கையெழுத்தில் இருக்கிறது. குறித்துக்கொள்ள வேண்டியது.

நான்: நான்தான் எழுதுகிறேன். சேர்க்கத் தேவையில்லை.

சுயம்பு: சுற்றறிக்கை வந்தால் அதிகம் சிரிப்பவன் அவன்தான். தினமும் மூன்றரைக்கு “டீ” என்று காணாமல் போகிறான். இன்று டீக்கடையில் போய்க் கேட்டேன். “சுயம்புவா? அவன் இந்தப் பக்கம் வந்து பத்து நாளாச்சு.”

அங்கிருந்து பார்த்தேன். டீன் அலுவலகம் இருக்கும் நிர்வாகக் கட்டடத்துக்குள் போனான். படியேறும் முன் திரும்பிப் பார்த்தான். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தேன். இருபது நிமிடம். வெளியே வரும்போது ஒரு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். முகத்தில் கேலி இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

துரை அண்ணனிடம் காலையில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

அவர் சுற்றி வளைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டார். “சுயம்பு, மூணரைக்கு எங்கடே போற?”

“டீ குடிக்க.”

“நிர்வாகக் கட்டடத்துல எப்ப டீக்கடை வச்சான்?”

சுயம்பு என்னைத்தான் பார்த்தான். “எலே இசக்கி, பின்னாடியே வந்தியா? கூப்பிட்டிருந்தா சேந்தே போயிருக்கலாம்லா.”

யாரும் சிரிக்கவில்லை. ஜெபராணி அக்கா மெதுவாகக் கேட்டார். “என் விசயத்த அங்க போய்ச் சொன்னியா சுயம்பு?”

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தாளை எடுத்து நீட்டினான். மறுமதிப்பீட்டு விண்ணப்பம்.

“ரெண்டு அரியர்க்கா. குவாண்டம் ஒண்ணு, எலெக்ட்ரானிக்ஸ் ஒண்ணு. ரிசல்ட் வந்துட்டான்னு தேர்வுப் பிரிவுல தெனமும் போய்க் கேக்கேன். தெனமும் நாளைக்கு வாங்கான்.”

அரியர் இருப்பவர்கள் கலைக்குழுவில் இருக்கக் கூடாது என்பது விதி. குழுத் தலைவர் அதற்கு உறுதிமொழி கொடுத்திருக்கிறார்.

“தெரியாத வரைக்கும் கையெழுத்துப் போட்டேன்” என்றார் துரை அண்ணன். “இப்பத் தெரிஞ்சு எப்படிடே போட?”

சுயம்பு பேராசிரியரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். “சரி. பேராசிரியர் ரிட்டயர் ஆயிட்டாரு. வழியனுப்பு விழால்லாம் வேண்டாம்.” போய்விட்டான்.

அரியர் இருப்பதனாலேயே அவன் சொல்லவில்லை என்று ஆகிவிடாது. அரியர் இருப்பவனை மிரட்டிப் பேச வைப்பது எளிது. இதைத் துரை அண்ணனிடமும் சொன்னேன். அவர் அந்தக் கண்ணாடியை என்னிடம் தந்தார். வசனம் தெரிந்த வேறு ஆள் இல்லை.

பிப்ரவரி 14, சனி

முதல் முறை முழுதாக நடித்தேன். ஒரு சொல் தவறவில்லை. வினோலியா சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

கண்ணாடி காதில் இறுக்குகிறது.

சனி, ஞாயிறு ஓ.டி. கிடையாது. ரிஜிஸ்டர் எழுத வேண்டியதில்லை. கை சும்மா இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

சுற்றறிக்கை இல்லை. சுயம்பு போய் இரண்டு நாள். அவன் போன பிறகு புதுத் தடை எதுவும் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

இன்றும் இல்லை. நான் சொன்னது சரி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

நம்பிக்கை வந்ததாலோ என்னவோ ஜெபராணி அக்கா தன் கைப்பேசியிலிருந்த அந்த விளக்கக் கடிதத்தின் படத்தைக் காட்டினார். வினோலியா அதையே மேடையில் வாசிக்கட்டும் என்றார் துரை அண்ணன். ‘என் கவனக்குறைவினால் தங்கள் இல்லத்து மீன் தன் இருப்பிடத்தை விட்டு வெளியேறியது.’ இப்படி ஒரு வரியை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

நாலு மாதங்களாக ஒரு சிறுகதைக்கு வரி தேடிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒருவர் பயத்தில் எழுதியது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அந்த வரியையும் அடுத்த இரண்டு வரிகளையும் அப்படியே ரிஜிஸ்டரில் எடுத்து எழுதி, அலுவலக மொழியின் சிக்கனத்தைப் பற்றி என் கருத்தையும் சேர்த்தேன். இருபத்திரண்டு வரி. பக்கம் நிரம்பி ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஜெபராணி அக்கா நாலு மணிக்கு வந்தார். உட்காரவில்லை.

“கைடு கூப்பிட்டாரு. என் லெட்டர்ல இருந்த வரிய எங்கிட்டயே வாசிச்சுக் காட்டுனாரு. ‘தன் இருப்பிடத்தை விட்டு வெளியேறியது.’ நல்லாருக்கேம்மான்னாரு.”

சினாப்ஸிஸ் கோப்பை அவர் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாராம். அந்தக் காட்சி நாடகத்தில் வராது, வந்தால் அது அக்காவுக்கோ கைடுக்கோ சம்பந்தமில்லாதது என்று எழுதித் தரச் சொல்கிறார். அதன் பிறகு “பார்க்கலாம்.”

“லெட்டர நேத்துத்தான் காட்டுனேன்” என்றார் அக்கா. “நேத்து சுயம்பு இங்க இல்ல.”

அறையில் நாலு பேர்.

பிப்ரவரி 18, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி.

காலையில் ரிஜிஸ்டர் வாங்கப் போனேன். செண்பகம் மேடம், அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர், வழக்கமாகத் தலை நிமிராமல் தள்ளிவிடுவார். இன்று நோட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணு லெட்டர் எழுதிக் குடுத்த பொறவு என்ன ஆச்சு?”

“எந்தப் பொண்ணு மேடம்?”

“மீன் செத்துச்சுல்லா, அந்தப் பொண்ணு.”

நான் நோட்டை இழுத்தேன். அவர் விடவில்லை.

“காலையில டீ வர்றதுக்குள்ள நாங்க மூணு பேரும் இதத்தான் வாசிக்கோம். ஒருத்தி வாசிப்பா, ரெண்டு பேரு கேப்போம். டிவி சீரியல்லாம் தோத்துது போங்க. டீன் சாருக்கும் பிடிக்கும். சாயங்காலமே முதல்ல அவருக்குத்தான் போகும். முந்தாநாள் பக்கத்தப் போன்ல படமே எடுத்தாரு. யாருக்கோ அனுப்புதேன்னாரு. நீங்க பெரிய ஆளா வருவீங்க தம்பி.”

“நன்றி மேடம்” என்றேன்.

படியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஊதா முத்திரை. பார்வையிடப்பட்டது. பார்வையிடப்பட்டது. தொட்டி. நீலத்துணி. பழைய கேன்டீன். கடிதம்.

நோட்டை மூடி வைத்தேன். அதற்கு முன்னால், மேடம் அதைச் சொன்ன கணத்தில், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஒத்திகைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. போர்வையைத் துவைத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நூலகப் படிக்கட்டில் ஜெபராணி அக்கா நிறுத்தினார்.

“நீ எல்லாத்தையும் கவனிக்கிறவன். சுயம்புவப் பின்தொடர்ந்து போனவன். யாருன்னு நீ நெனைக்க?”

“தெரியலக்கா.”

“துரையா இருக்குமோ? அவன் உதவித்தொகை டீன் கையிலதான இருக்கு.”

அது என் பட்டியலில் இருந்த வரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரே அங்கு வந்து சேர்ந்துவிட்டார்.

“தெரியலக்கா” என்றேன் மறுபடியும்.

ரிஜிஸ்டரில் ‘ஒத்திகை நடந்தது’ என்று பத்து வரியிலும் பத்து முறை எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, சனி

அக்கா துரை அண்ணனிடம் நேராகக் கேட்டுவிட்டார்.

“நானா?” என்றார் துரை அண்ணன். “ஒங் கதைய நாடகமாப் போடுதேன்னு என் பேரும் அங்க கெட்டுத்தாம் போயிருக்கு. என்னப் பாத்துக் கேட்டுட்டல்லா ஜெபா?”

“வேற யாரக் கேக்க? இவங் கடைசி வருசம், இந்தப் பிள்ளை முதல் வருசம். இவங்களுக்கு டீன்கிட்ட என்ன ஆகணும்?”

“ஆகணுங்கறதுக்காக நான் வித்துட்டேங்கியா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொல்லுவ?”

வினோலியா அழுதாள். துரை அண்ணன் மரச்சட்டத்தைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தார். ஒரு மூலை பிளந்துவிட்டது. நாடகம் வேண்டாம், கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகிறேன், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார் அக்கா.

நான் வசனப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்துக் கொடுக்க ஒரு சொல்கூட இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

ரிஜிஸ்டரைக் கொடுக்கும்போது செண்பகம் மேடம் கேட்டார். “ஒடம்பு சரியில்லையா தம்பி? வெள்ளிக்கிழமை பக்கத்துல ஒண்ணுமே இல்லையே.”

அங்கிருந்து நேரே கருத்தரங்க அறைக்குப் போனேன். மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தார்கள். அக்கா எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். பாதி வந்திருந்தது.

ரிஜிஸ்டரை அவர் முன்னால் விரித்து வைத்தேன். “சொன்னது யாருமில்லக்கா. இதான். இத டீன் தெனமும் வாசிக்காரு.”

துரை அண்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கம் புரட்டினார். “எலே பாவி. இது ஓ.டி. ரிஜிஸ்டர்லே. வந்தோம் போனோம்னு எழுதுற நோட்டு.” பிறகு குரல் இறங்கியது. “எப்பத் தெரியும் ஒனக்கு?”

“புதன்கிழமை.”

“சனிக்கிழமை நாங்க அடிச்சுக்கிட்டப்போ?”

“தெரியும்.”

அவர் என்னை அடித்திருக்கலாம். வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜெபராணி அக்கா நின்றபடி முழுவதையும் படித்தார். அரை மணி நேரம் இருக்கும். இரண்டே முறைதான் வாய் திறந்தார். “தொட்டி ஆறடின்னு எழுதிருக்க. அஞ்சடி.”

“சரிக்கா.”

“‘சில சனிக்கிழமைகளில்.’ சில இல்ல. நாப்பத்தொண்ணு. எண்ணி வச்சிருக்கேன்.”

பாதி எழுதிய கடிதத்தைக் கிழித்து இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டார்.

“அவருக்குத் தெரிஞ்சு போச்சு. டீனுக்குத் தெரிஞ்சு போச்சு. அங்க டீ குடிக்கிறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. இன்னும் யாருக்குத் தெரியக் கூடாதுன்னு நான் பொத்திக்கிட்டு இருக்கேன்? பேனாவ எடு. இன்னைக்கி விவரம் நான் சொல்லுதேன். நீ ஒரு வார்த்த சேக்கக் கூடாது.”

எழுதினேன். ஜெபராணி, முனைவர் பட்ட ஆய்வாளர், தாவரவியல் துறை. பதிவு எண். கைடின் பெயர். நாற்பத்தோரு சனிக்கிழமை, காலை எட்டு முதல் பதினொன்று வரை. மே மாதத்தில் எட்டு நாள். விளக்கக் கடிதம் வாங்கிய தேதி. பதினேழாம் தேதி கோப்பை வாங்கிப் பூட்டியது. மேற்கண்டதை நானே சொல்லி எழுதச் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வரி. என்னுடையது ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதியதில் சிறந்த பக்கம் அதுதான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ரிஜிஸ்டர் வந்தது. முத்திரை இல்லை.

“டீன் சார் பாக்கலைங்காரு” என்றார் செண்பகம் மேடம், கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டே.

“தெனமும் பாக்கறவரு இன்னைக்கி ஏன் மேடம் பாக்கல?” என்றார் ஜெபராணி அக்கா.

“எனக்குத் தெரியாதும்மா.”

“பாத்துட்டுச் சீல் போடட்டும். இருக்கேன்.”

கவுன்ட்டருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் வினோலியாவும் பக்கத்தில். பத்தரைக்குத் துரை அண்ணன் வந்தார். அக்காவின் மறுபக்கம் உட்கார்ந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலை இருவருக்கும் நடுவில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அதை எடுத்துக் குடித்தார்.

பஸ் பாஸுக்கும் சான்றிதழுக்கும் வருகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள். டீன் இரண்டு முறை வெளியே வந்து போனார். பெஞ்சில் ஆள் இருப்பதே தெரியாதவர்போல்.

மூன்றரை மணிக்குச் செண்பகம் மேடம் எழுந்து வந்தார். முத்திரையும் மைப்பெட்டியும் கையில் இருந்தன.

“கவுன்ட்டருக்கு வந்த நோட்டுக்கு வந்ததா நான் சீல் வைக்கணும். அது என் வேலை. அவரு பாத்தாரா இல்லையாங்கறது அவரு பாடு.” தேதி முத்திரையைக் குத்தி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். நோட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

“நீதானாம்மா அந்தப் பொண்ணு? அந்த மீனுக்குப் பேரு ஏதும் வச்சிருந்தாரா?”

“தம்பிம்பாரு மேடம்.”

“ஒன்ன?”

“ஏம்மாம்பாரு.”

செண்பகம் மேடம் மைப்பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு முறை அழுத்தினார்.

பிப்ரவரி 26, வியாழன்

அக்கா முத்திரையிட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கோப்பில் கோத்துக்கொண்டு போனார். நாங்கள் தாவரவியல் துறை வாசலில் நின்றோம். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். நாலு நாற்பதுக்கு வெளியே வந்தார்.

“போட்டுட்டாரு.”

“என்னக்கா சொன்னீங்க?” என்றாள் வினோலியா.

“ஒண்ணும் சொல்லல. நகல மேசைல வச்சேன். இந்தப் பக்கமெல்லாம் டீன் பாத்ததா சீல் இருக்கு, என் கையெழுத்துப் பக்கம் ஆபீசுக்கு வந்ததா சீல் இருக்கு சார்னேன். பத்து நிமிசம் அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. பொறவு இழுப்பறையத் தொறந்தாரு.”

பிறகு ஓடினார். சினாப்ஸிஸைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கும்போது ஐந்தாக மூன்று நிமிடம்.

திரும்பி வந்து துரை அண்ணனிடம் சொன்னார். “நாளைக்கி நாலாங்காட்சி உண்டு. ஆய்வு மாணவி நான். வினோலியா மனைவியா நிக்கட்டும். துணி நீலத்துலயே இருக்கட்டும்.”

பேராசிரியர் யாரென்று நான் கேட்கவில்லை. கண்ணாடியைத் துரை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 27, வெள்ளி

அரங்கம் ஐந்து மணிக்கே நிரம்பிவிட்டது. டீன் வரவில்லை. செண்பகம் மேடமும் இன்னும் இரண்டு பேரும் மூன்றாம் வரிசையில்.

நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், வசனப் பிரதியோடு. முதல் காட்சிக்கு முன் சுயம்பு வந்தான்.

“வரலாமாலே? அரியர்காரன் திரைக்குப் பின்னாடி நிக்கக் கூடாதுன்னு சர்க்குலர் ஏதும் இருக்கா?”

துரை அண்ணன் அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தார். நான்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாலு நாள் இருந்தது.

“சுயம்பு, நான்...”

“இரு. நீ எழுதுனதாமே. எல்லாரும் வாசிச்சாச்சு, நான் மட்டுந்தான் பாக்கி.” பொருட்கள் மேசையில் கிடந்த ரிஜிஸ்டரை எடுத்து விளக்கு வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

எந்த இடத்தில் நிறுத்துவான் என்று எனக்குத் தெரியும். அந்த வரிகளைப் பற்றி இந்த நாட்குறிப்பில் நான் எங்கும் எழுதவில்லை.

“‘பேராசிரியர் பாத்திரம்: பயிற்சி தேவை.’” படித்தான். பக்கத்தைப் புரட்டினான். “‘பேராசிரியர் பாத்திரம்: இன்னும் பயிற்சி தேவை.’” இன்னொரு பக்கம். “‘பேராசிரியர் பாத்திரம் சராசரி. மாற்று ஆளைப் பரிசீலிக்கலாம்.’ இது ஆறாந்தேதி. நீலத்துணி அன்னைக்கிதான?”

“ஆமா.”

“அன்னைக்கி ஒனக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துட்டுல்லாலே. நான்தான தண்ணி எடுத்துக் குடுத்தேன்.”

“ஆமா.”

அவன் நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தான். ஏதாவது கேலி சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மணி அடித்தது.

வசனப் பிரதியை அவனிடம் நீட்டினேன். “நீ நில்லு. துரை அண்ணனுக்கு நீ எடுத்துக் குடு.”

“வேண்டாம். ஒனக்குத்தான் எல்லாம் மனப்பாடம்லா.”

பின்வாசல் வழியாக இறங்கி அரங்கத்துக்குள் போய் நின்றான். உட்கார இடமில்லை. தூணோரம்.

நான்காம் காட்சி. நீலத்துணிக்குப் பின்னால் வினோலியாவின் கை. முன்னால் ஜெபராணி அக்கா, இறால் கிண்ணத்தோடு. துரை அண்ணன் குனிந்தார். மீனிடம் பேச வேண்டிய இடம். வாய் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. அரங்கத்தில் யாரோ செருமினார்கள்.

“தம்பி, சாப்பிட்டியாப்பா” என்றேன், இருட்டிலிருந்து.

“தம்பி, சாப்பிட்டியாப்பா?” என்றார் துரை அண்ணன். “அந்தப் பொண்ணு நேரத்துக்குக் குடுத்தாளா?”

சிரிப்பு வந்தது. மூன்றாம் வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரை போனது. பிறகு அக்கா நிமிர்ந்து அரங்கத்தைப் பார்த்ததும் மொத்தமாக நின்றது. கடிதத்தை அவர் மனப்பாடமாகச் சொன்னார். யாரும் அசையவில்லை.

நன்றாக நடந்தது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

சுயம்பு சொல்லியிருந்தால் ‘தம்பி’ என்ற முதல் சொல்லிலேயே சிரித்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். ஆறாம் தேதியே தெரியும்.